இருட்டுக்குள் ஓர் ஓசை

தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதற் பேசும்படம் ஓர் உளவுக் கதைதான். 1954 ஏப்ரலில் ஏவிஎம் வெளியிட்ட 'அந்த நாள்'. படம் தொடங்கிய கையோடு வெடிச்சத்தம் கேட்கும். சிவாஜி கணேசன் சூடுபட்டு விழுந்து செத்துப்போவார். கதை நடப்பது 1943 ஒக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னைத் துறைமுகப் பக்கம் குண்டு போட்ட நாட்களில். செத்தவன் ராஜன், வானொலிப் பொறியியலாளன், பகைநாட்டுக்குச் செய்தி விற்றவன். சுட்டது யார் என்று சி.ஐ.டி. சிவானந்தம் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஜாவர் சீதாராமன் அந்த வேடத்தில், திரைக்கதையும் அவருடையதே. சொல்கிறவர் மாற மாற, கொலை நடந்த விதமும் கொலைகாரரும் மாறிக்கொண்டே போவார்கள்.

பாட்டும் இல்லை, நடனமும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. வந்த வேளையில் படம் பெரிதாக ஓடாததில் வியப்பில்லை. ஆனால் பாட்டை எடுத்தெறிந்தவர் யார் என்று பார்க்க வேண்டும். இயக்குநர் எஸ். பாலசந்தர் நாடறிந்த வீணை வித்துவான். சங்கீதம் கேட்பவரின் உடம்பை என்ன செய்யும் என்று அறிந்த ஒருவர்தான் இந்தத் துணிவுக்கு வந்திருக்க முடியும் என்று நான் எண்ணுகிறேன். பதற்றம் உடம்பில் மெல்ல மெல்லத்தான் ஏறும். அதிரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அப்படி ஏறிக்கொண்டிருக்கும்போது நாலு நிமிடப் பாட்டொன்று வந்தால் மூச்சு சீராகிவிடும், கை காய்ந்துவிடும். பிறகு எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். பாலசந்தர் அந்த இடைவெளியைத் தரவில்லை.

நல்ல உளவுப் படம் எதுவானாலும் நம்மிடமிருந்து எதையோ பிடித்து வைத்துக்கொள்கிறது. கொஞ்சம் வெளிச்சத்தை, கொஞ்சம் ஓசையை, சட்டகத்துக்கு வெளியே நிற்கும் ஆளை. அந்த வெற்றிடத்தை நம் கண்ணும் காதும் மூளையும் தாமாகவே நிரப்புகின்றன. பயப்படுத்தும் வேலையில் பெரும்பங்கு நம் உடம்பினுடையது.

'அந்த நாள்' படத்துக்கு ஒளி அமைத்தவர் எஸ். மாருதி ராவ். சாதாரணமாக ஒரு முகத்தைப் படம்பிடிக்கும்போது ஒரு பக்கத்திலிருந்து பெரிய வெளிச்சம் கொடுப்பார்கள். அதனால் மறுபக்கத்தில் விழும் நிழலைக் கரைக்க எதிரே இன்னொரு மெல்லிய வெளிச்சம் வைப்பார்கள். முதலாவதைக் கீ லைற் என்றும் இரண்டாவதைப் பில் லைற் என்றும் சொல்வது தொழில் வழக்கு. இரண்டாவதைக் குறைத்துக்கொண்டே போனால் முகத்தின் ஒரு பாதி கறுத்துப்போகும். அந்தப் பாதியில் கண் எங்கே பார்க்கிறது, வாய் என்ன செய்கிறது என்று தெரியாது. சந்தேகத்துக்குரியவர்களின் முகங்களே கதையாக இருக்கும் படத்தில், அந்தத் தெரியாத பாதிதான் நம்மை இருக்கை நுனிக்கு இழுக்கும்.

இதை உணர ஸ்ரூடியோ தேவையில்லை. தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரமும் இல்லாமல் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடான காலத்தில் வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு எண்ணெய், ஒரு திரி. பயறளவு சுடர். அந்தச் சுடரைச் சுற்றி இருந்து படித்த பிள்ளைகளுக்குக் கீ லைற்றை யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. ஒளி மூலம் சிறிதானால் நிழலின் ஓரம் கத்தி வெட்டாக விழும். பெரிதானால் நிழல் கரைந்து பரவும். விளக்கைத் தரையில் வைத்துவிட்டு அதற்கு மேல் குனிந்தால் அம்மாவின் முகம்கூட வேறொருவரின் முகமாகும். காரணம் உண்டு. வெளிச்சம் மேலிருந்து வரும் என்று எடுத்துக்கொண்டுதான் நம் மூளை வடிவங்களைப் படிக்கிறது. சூரியனின் கீழ் வளர்ந்த மூளை அது. கீழிருந்து ஒளி பட்டால் குழி மேடாகவும் மேடு குழியாகவும் தோன்றி, தெரிந்த முகத்தை அடையாளம் காண்பதும் தடுமாறும். வில்லனுக்குக் கீழிருந்து லைற் வைப்பது நாடக மேடைக் காலத்திலிருந்து வரும் பழக்கம். பழக்கம்தான், ஆனால் அடியில் இருப்பது கண்ணின் இயல்பு.

இருட்டில் கண் எப்படி வேலை செய்கிறது என்பதும் இங்கே சேர வேண்டும். விழித்திரையில் இரண்டு வகைக் கலங்கள் ஒளியைப் பிடிக்கின்றன. கூம்புக் கலங்கள் பகலுக்கும் நிறத்துக்கும். கோல் கலங்கள் மங்கிய வெளிச்சத்துக்கு. கோல் கலங்கள் முழுக் கூர்மைக்கு வர அரை மணி நேரம் ஆகும். நாம் நேராக எதைப் பார்க்கிறோமோ அது விழும் நடுப்புள்ளியில் அவை இல்லவே இல்லை. நெடுங்கேணிப் பக்கம் யானைக்குப் பயந்து வயற்காவல் இருந்தவர்களுக்கு இது அநுபவம்: காட்டோரம் கறுப்பாக ஏதோ நிற்பது போலிருக்கும், உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், பார்வையைக் கொஞ்சம் விலக்கினால் மறுபடியும் நிற்கும். ரோர்ச்சை அடித்தால் அந்த வட்டம் மட்டும் தெரியும், சுற்றிலும் முன்பைவிடக் கும்மிருட்டு. இப்படி அரைகுறையாக வரும் செய்தியை மூளை அப்படியே விட்டுவைக்காது. தன்னிடம் உள்ள பயங்களில் ஒன்றை எடுத்து அந்தக் கறுப்புக்கு உருவம் கொடுக்கும்.

1949 இல் கரோல் ரீட் எடுத்த 'தேர்ட் மான்' இதைப் பாடப்புத்தகம் போலச் செய்துகாட்டியது. போர் முடிந்து நான்கு வல்லரசுகள் பங்குபோட்டுக்கொண்ட வியன்னா. தெருக்கற்கள் வெளிச்சத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதற்காக இரவில் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டுப் படம்பிடித்தார்கள். ஓரிடத்தில், மறைந்திருந்து காத்து நிற்கும் பொலிசாருக்கு முன்னே ஒரு கட்டடத்தின் சுவரை நிறைத்துக்கொண்டு பிரமாண்டமான நிழல் நகர்ந்து வரும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். வருவது பலூன் விற்கும் கிழவர். விளக்கு தாழ இருந்து, ஆள் அதற்குக் கிட்ட நின்றால், தூரச் சுவரில் நிழல் வீங்கும். அவ்வளவுதான் அதன் கணக்கு. ஆனால் ஆளுக்கு முன்னே நிழலை அனுப்பிவைத்த அந்தச் சில விநாடிகளில் நம் மூளை பலூன்காரரை எத்தனை பயங்கரமானவராக்கி வைத்திருக்கும்! அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ரொபர்ட் கிராஸ்கருக்கு ஒஸ்கார் கிடைத்தது.

ஒளியும் ஒலியும் தனித்தனித் துறைகள் என்றுதான் படத்தின் பெயர்ப்பட்டியல் சொல்லும். உடம்பில் அப்படிப் பிரிவினை இல்லை. திடீரென்று பெருஞ்சத்தம் கேட்டால் நாம் திடுக்கிடுகிறோம். கண் இமை விநாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் மூடத் தொடங்கிவிடுகிறது. யோசித்துச் செய்வதல்ல அது, மூளைத் தண்டிலேயே முடிந்துவிடும் காரியம். 1997 இல் அமெரிக்காவில் கிறிஸ்டியன் கிரியோன் குழுவினர் இந்தத் திடுக்கிடலை வெளிச்சத்தில் ஒருமுறையும் இருட்டில் ஒருமுறையும் அளந்து பார்த்தார்கள். அதே சத்தத்துக்கு, இருட்டில் மனிதர் கூடுதலாகத் திடுக்கிட்டார்கள். எலிகளில் இது தலைகீழ். இரவில் நடமாடும் அந்தப் பிராணி பிரகாசமான வெளிச்சத்தில்தான் அதிகம் திடுக்கிடுகிறது. நாம் பகல் விலங்குகள். படத்தில் விளக்கு அணையும்போதே காதுக்கு முன்னறிவிப்புப் போய்விடுகிறது. ஒளிப்பதிவாளர் தயார்செய்து கொடுத்த உடம்பில்தான் ஒலிக்காரர் தட்டுகிறார்.

கமராவின் வேலையில் என்னை அதிகம் வியக்கவைப்பது உட்காதோடு அது செய்யும் சண்டை. 'தேர்ட் மான்' படத்தில் பல இடங்களில் கமரா சரிந்து நிற்கும். கதவு, சுவர், மனிதர் எல்லாம் ஒருபுறம் சாய்ந்திருக்கும். கதிரையில் நேராக இருக்கும் நமக்கு உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு 'நேராகத்தான் இருக்கிறாய்' என்கிறது, கண் 'இல்லை, சரிந்திருக்கிறாய்' என்கிறது. அந்த முரண் ஒரு சின்ன அசௌகரியமாக அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே எடுக்கும் கமராவும் இதே முரணைத்தான் பயன்படுத்துகிறது. நாம் ஓடும்போது தலை எவ்வளவு குலுங்கினாலும் உலகம் குலுங்குவதில்லை. தலை அசைந்த செய்தியை உட்காது அனுப்ப, ஏறக்குறைய 10 மில்லிவிநாடிக்குள் கண்கள் எதிர்ப்புறம் திரும்பி ஈடுசெய்துவிடுகின்றன. கமரா ஓடும்போது நம் உட்காது அசையாமல் இருக்கிறது. ஈடுசெய்ய ஒன்றும் இல்லை. திரை முழுவதும் குலுங்குகிறது. 2007 இல் வந்த 'போர்ன் அல்டிமேட்டம்' படத்தில் லண்டன் வோட்டர்லூ ரயில் நிலையக் காட்சி அப்படிப்பட்டது. உண்மையான பயணிகள் நடமாடும் நிலையத்தில் பத்திரிகையாளர் ஒருவரைச் சி.ஐ.ஏ. கண்காணிப்புக் கமராக்களால் தேடும். நாயகன் ஜேசன் போர்ன் தொலைபேசியில் அவரை நடத்திச் செல்வான். அந்தப் படத்தில் ஒரு ஷொட் சராசரியாக ஏறத்தாழ 2 விநாடிதான் நிற்கிறது. கண் ஓரிடத்தில் ஊன்றுமுன்னே அடுத்தது வந்துவிடும்.

இதற்கு எதிர்த்திசையில் போவது தூரத்துக் கமரா. இருவர் பத்து மீற்றர் இடைவெளியில் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்பவருக்குப் பத்து மீற்றரில் இருந்து பார்த்தால் அவர் மற்றவரைவிட இரு மடங்கு பெரிதாகத் தெரிவார். நூறு மீற்றருக்கு விலகிப்போய் நீள லென்ஸால் இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான். ஆழம் தட்டையாகிவிடும், துரத்துகிறவன் முதுகோடு ஒட்டி வருவது போலிருக்கும், ஓடுகிறவன் எவ்வளவு ஓடியும் முன்னேறாதது போலிருக்கும். அத்தோடு, யாரோ தொலைவில் நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வும் சேரும். அந்த யாரோ நாம்தான்.

பதற்றம் பார்வையையே சுருக்கிவிடுகிறது என்பதற்கு 2015 இல் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் நல்ல பரிசோதனை ஒன்று நடந்தது. ஹிட்ச்கொக்கின் உளவுப் படமான 'நோர்த் பை நோர்த்வெஸ்ட்' உட்படப் பதற்றமான காட்சிகளை மூளை ஸ்கான் இயந்திரத்துக்குள் படுத்திருந்தவர்களுக்குக் காட்டினார்கள். திரையின் ஓரங்களில் சதுரங்கக் கட்டங்கள் மின்னிக்கொண்டிருந்தன. காட்சியில் பதற்றம் ஏற ஏற, ஓரத்துக் கட்டங்களைக் கவனிக்கும் பார்வைப் புறணியின் இயக்கம் தணிந்தது. நடுவில் நடப்பதைக் கவனிக்கும் பகுதி விழித்தது. பதற்றம் தளர்ந்ததும் ஓரம் திரும்பி வந்தது. படம் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டும் கேட்காமல் இருப்பவரை இனி ஏசத் தேவையில்லை.

இனி ஒலி. என் எண்ணத்தில் உளவுப் படத்தின் உயிர் இங்கேதான். கண்ணுக்கு எல்லை உண்டு, முதுகுக்குப் பின்னால் அது பார்க்காது. காதுக்கு இமையும் இல்லை, பின்பக்கமும் இல்லை. சட்டகத்துக்கு வெளியே ஒரு கதவு கிறீச்சிட்டால் திரையின் அளவு அந்தக் கதவு வரை பெரிதாகிவிடும். படம்பிடிக்காமலே ஓர் அறையை உண்டாக்கியாயிற்று.

திசையைக் காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? இடப்பக்கம் வந்த ஓசை இடக்காதுக்கு முந்தியும் வலக்காதுக்குப் பிந்தியும் போகும். அதிகபட்ச வித்தியாசமே விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதையும் மூளை எண்ணிவிடுகிறது. மேலேயா கீழேயா என்பது வேறு கணக்கு. காதுமடலின் மடிப்புகளில் பட்டு ஓசை மாறும் விதத்தை வைத்து அது உயரத்தை அறிகிறது. அந்த மடிப்புகள் சிறியவை ஆதலால் குறுகிய அலைநீளமுள்ள கீச்சு ஓசைகளில்தான் இது நடக்கும். 50 ஹேர்ட்ஸ் அளவிலான உறுமல் ஓசையின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீற்றர். காதுமடல் அதற்குக் கணக்கே இல்லை. அறைக்குள் அப்படியோர் ஓசை வந்தால் எங்கிருந்து என்று சொல்ல முடியாது. எங்கும் இருப்பதாகத் தோன்றும். உளவுப் படங்களின் பின்னணியில் மெல்லியதாக, மெட்டில்லாமல், நீண்டு ஒலிக்கும் அந்த அடியோசை இப்படித்தான் வேலை செய்கிறது. பார்க்கிறவர் அதைத் தனியாகக் கேட்பதே இல்லை. நின்றுபோகும்போதுதான் இவ்வளவு நேரம் ஒலித்தது தெரியும்.

வன்னியில் இருந்தவர்களுக்கு இதை எழுதிக் காட்டுவது ஒருவகையில் மிகை. இறுதிப் போர்க்காலத்தில் தலைக்கு மேலே ஆளில்லா வேவு விமானம் சுற்றியது. சனம் அதை வண்டு என்று சொன்னது. ஒரே சுருதியில் நீளும் இரைச்சல். அண்ணாந்து பார்த்தால் எங்கே நிற்கிறது என்று பிடிபடாது. அது தானாகக் குண்டு போடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் எது வரும் என்று காது படித்துக்கொண்டது, கிபிர் போர்விமானம் வருமுன்னே நெஞ்சு அடித்துக்கொண்டது. திரையில் உண்டாக்கும் பதற்றத்தை அந்த நாட்களோடு ஒப்பிட நான் துணியமாட்டேன். காது ஒன்றுதான், அது கற்றுக்கொள்ளும் வழியும் ஒன்றுதான் என்பதை மட்டும் சொல்கிறேன். ஓர் ஓசையும் அதைத் தொடரும் ஆபத்தும் சில தடவை சேர்ந்து வந்தால் போதும், பிறகு ஓசை மட்டும் வந்தாலும் உடம்பு முழுப் பதிலையும் கொடுத்துவிடும். படத்தில் அப்படியோர் இரைச்சல் எழுந்ததும் எழுந்து வெளியே போய்விடுகிறவர்கள் எங்களிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்களைத் திரும்பி வந்து இருக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது.

வயலின் நரம்பை உரசிக் கீறும் ஓசைக்கு வேறொரு பூர்வீகம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டானியல் புளும்ஸ்ரீன் மலை அணில் வகைகளின் அபாயக் குரலை ஆராய்பவர். பயந்த விலங்கு தாங்கும் அளவுக்கு மேல் கத்தும்போது குரல்நாண்கள் சீராக அதிர மாட்டாமல் ஓசை கிழிந்து கரகரக்கிறது. 2010 இல் அவரும் கூட்டாளிகளும் 100 க்கும் மேற்பட்ட படங்களின் ஒலித்தடங்களைக் கேட்டுப் பார்த்ததில், பயக்காட்சிகளில் இந்தக் கிழிந்த தன்மை கூடுதலாக இருந்தது. இசையமைப்பாளர் விலங்கியல் படித்துச் செய்ததல்ல. எது மயிர்க்கூச்செறிய வைக்கிறது என்று அவர் காதே சொல்லியிருக்கிறது.

இவ்வளவும் சத்தத்தைப் பற்றி. சத்தத்தைக் குறைத்தே செய்த அற்புதம் 1996 இல் வந்த பிரயன் டி பால்மாவின் 'மிஷன் இம்பொசிபிள்'. சி.ஐ.ஏ. தலைமையகத்தின் காப்பறைக்குள் ரொம் குரூஸ் கூரையிலிருந்து கயிற்றில் இறங்குவார். தரையில் பாரம் பட்டால் அலாரம் அடிக்கும், அறைவெப்பம் ஏறினால் அடிக்கும், சிறு ஓசை கேட்டால் அடிக்கும். இயக்குநர் இசையை விலக்கிவிட்டார். கயிறு உராய்வதும் மூச்சு விடுவதும்தான் மீதி. மேலே கயிற்றைப் பிடித்திருப்பவனுக்குக் கிட்டே ஒரு எலி வரும். மூக்குக்கண்ணாடியில் ஒரு வியர்வைத் துளி திரண்டு விளிம்புக்கு வரும். அது தரையில் விழுந்தால் எல்லாம் முடிந்தது. அந்தத் துளி திரளும் நேரத்தில் அரங்கமே தன் மூச்சைத் தணித்துக்கொள்ளும், ஏதோ அந்த அலாரம் நமக்கும் சேர்த்து வைத்தது போல. தரைக்குச் சில அங்குலம் மேலே கிடையாகச் சமநிலையில் தொங்குவதற்குச் சப்பாத்துக்குள் நாணயங்களைப் பாரமாகப் போட்டுக்கொண்டதாக ரொம் குரூஸ் சொல்லியிருக்கிறார்.

கேட்பதே கதையாக இருக்கும் படமும் ஒன்று உண்டு. 1974 இல் பிரான்சிஸ் போர்ட் கொப்பலா எடுத்த 'கொன்வர்சேஷன்'. ஒட்டுக்கேட்பதைத் தொழிலாகக் கொண்ட ஹரி கோல், சன நெரிசலான சதுக்கத்தில் நடந்து பேசும் இருவரின் பேச்சைப் பல மைக்குகளால் பதிந்து, இரைச்சலை வடிகட்டி, திரும்பத் திரும்பக் கேட்கிறான். அதில் ஒரு வாக்கியம் அவர்கள் கொல்லப்படப் போகிறார்கள் என்று அவனை நம்பவைக்கிறது. படத்தின் முடிவில் அதே வாக்கியம் மறுபடியும் ஒலிக்கும்போது அழுத்தம் ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு நகர்ந்திருக்கும்; பொருள் தலைகீழாகிவிடும். ஒலியை அமைத்தவர் வால்ரர் மேர்ச். ஒரே ஒரு அழுத்தத்தில் முழுப் படத்தையும் புரட்டிப்போட்டதைவிடப் பெரிய ஒலிவித்தையை நான் கண்டதில்லை.

இத்தனை கருவிகளும் இருந்தாலும், பார்க்கிறவருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று முடிவுசெய்வதே பெரிய கருவி. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் சில விநாடி அதிர்ச்சி. முன்னமே நமக்குக் காட்டிவிட்டு மேசையில் இருப்பவர்களைச் சாவகாசமாகப் பேசவிட்டால் பல நிமிடத் தவிப்பு என்பது ஹிட்ச்கொக்கின் விளக்கம். 1936 இல் அவர் எடுத்த 'சபொராஜ்' உளவுப் படத்தில் சிறுவன் ஒருவன் குண்டென்று அறியாமல் பொதியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போவான். நமக்குத் தெரியும். அந்தச் சிறுவனைச் சாகவிட்டது பிழை என்று ஹிட்ச்கொக் பிற்காலத்தில் வருந்தினார். அவ்வளவு தவிக்கவிட்ட பின் பார்வையாளருக்கு ஓர் ஆறுதல் கொடுத்தாக வேண்டும் என்பது அவர் கண்ட பாடம். 1964 இல் நம் பாலசந்தர் 'பொம்மை' எடுத்தார். பொம்மைக்குள் நேரவெடிகுண்டு, அது கை மாறிக் கை மாறிச் சென்னையில் அலையும். ஒரு பொம்மையைப் பார்த்து இவ்வளவு பயப்பட முடியும் என்று காட்டிய படம் அது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் யூரி ஹசன் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், ஹிட்ச்கொக்கின் தொலைக்காட்சிக் கதையொன்றைப் பார்த்தவர்களின் பெருமூளைப் புறணியில் ஏறத்தாழ 65 வீதமான பகுதி ஆளுக்காள் ஒரே மாதிரி இயங்கியது. பூங்காவொன்றில் கமராவை நிறுத்திவிட்டு எடுத்த காட்சியில் அது 5 வீதத்துக்கும் குறைவு. எதைக் காட்டுவது, எதைப் பிடித்து வைப்பது என்ற கட்டுப்பாடு அத்தனை தலைகளையும் ஒருசேரத் திருப்பிவிடுகிறது.

இந்தக் கட்டுப்பாடு நம் ஊர்களுக்கு முழுதாக வந்து சேர்ந்ததில்லை. மின்சாரம் இல்லாத காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து முற்றத்தில் படம் போட்டார்கள். ஜெனரேற்றரை வேலிக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தாலும் அதன் உறுமல் வந்துகொண்டே இருக்கும். தாழ்ந்த ஓசை தன்னைவிட உயர்ந்த ஓசைகளையும் மூடிவிடும் வல்லமை உள்ளது. வசனம் கேட்டது, காலடியும் மூச்சும் போய்விட்டன. இன்று கைபேசியில் பார்க்கிறோம். அதன் சின்ன ஒலிபெருக்கி 200, 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அடியோசை நம்மிடம் வராமலே படம் முடிந்துபோகிறது. வெயில் வெளிச்சத்தில் பார்த்தால் நிழலில் நிற்பவரும் தெரியமாட்டார்.

ஒரு நல்ல ஹெட்போன் இருந்தால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு அந்தக் காப்பறைக் காட்சியை ஒருமுறை ஓசையோடும் ஒருமுறை ஓசையை முற்றாக நிறுத்தியும் பாருங்கள். அமைதியான காட்சிதானே, என்ன வித்தியாசம் வரப்போகிறது என்று தோன்றும். ஆனால் சினிமாவில் அமைதி என்பது வெறுமை அல்ல. படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் சும்மா இருக்கும் ஓசையைத் தனியாகப் பதிந்துகொண்டு வருவார்கள். அதை அடியில் விரித்துத்தான் மற்ற ஓசைகளை ஒவ்வொன்றாக வைப்பார்கள். அதையும் எடுத்துவிட்டால் ரொம் குரூஸ் கயிற்றில் தொங்குவது மட்டும் மிஞ்சும்.